மழைக்காலத்தில் மட்டும் வந்த கணக்கு

வேண்டாம். வரவேண்டாம். நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே இதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வைத்துவிட்டாய். "அம்மைக்கு கை ஒடிஞ்சு கெடக்கு. ரப்பர் பாலெடுக்க ஆளில்லாம அபிஷா பள்ளிக்கூடத்துக்கு பிந்திப் போயி வராந்தாவுல நிக்கிறா. நான் பாலிடெக்னிக்க விட்டுட்டு வாறேன் அப்பா, வெட்டு எனக்குத் தெரியும்லா" என்று ஒரே மூச்சில் சொன்னாய். அதுவரைக்கும் பொறுத்தேன். அண்ணன்காரன் தங்கச்சிக்காகப் பேசுகிறான், பேசட்டும் என்று விட்டேன். கடைசியில் ஒன்று சொன்னாய் பார், "எப்படியும் அந்த கணக்கு பேப்பரு இந்த தடவையும் போயிரும். நமக்கு கணக்கு வராதுல்லா" என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம். கை ஒடிந்தது உன் அம்மாவுக்கு. உனக்கு என்ன ஒடிந்தது?

வெட்டி முடித்துவிட்டு, கடைசி ரப்பர் மரத்தடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பால் சொட்டிக்கொண்டிருக்கிறது. சிரட்டைகள் நிறைகிற வரைக்கும் என் நேரம் உனக்கு. தாள் அபிஷாவின் ரஃப் நோட்டில் கிழித்தது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா மலர் போடுகிறார்களாம். நாட்டுப்புறத்துப் பள்ளிக்கூடம் ஏழ்மையைக் குறைக்குமா என்று எழுதித் தரச்சொல்லித் தமிழ் டீச்சர் என் பின்னால் நடக்கிறார். "எட்டுல நின்னவன்கிட்டயா டீச்சரே கேக்கிய?" என்றேன். "எட்டுல நின்னவருக்குத்தான் தெரியும்" என்றார். உனக்கு எழுதுகிற இதையே அவரிடம் கொடுக்கப்போகிறேன். ஊர் முழுக்கப் படிக்கட்டும். உன் மாமன் படிக்கட்டும், முதலாளியும் படிக்கட்டும். பெயர் போடாவிட்டாலும் பாறசாலையிலிருந்து செங்கல் ஊர் வரைக்கும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இவ்வளவு வாய் இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கு இருக்கிறது?

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. நீ பிறந்தபோது மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. "பிள்ளைக்க அப்பன எங்க?" என்று நர்ஸ் என்னிடமே வந்து கேட்டாள். அதனால் பெரிய மனிதர்கள் புத்தி சொல்கிற மாதிரி எனக்கு எழுத வராது. நான் பொறுமை இல்லாதவன், பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எங்கள் அப்பா பால் வெட்டுவார், பிள்ளைகள் நாங்கள் பால் எடுப்போம். மரம் மரமாகப் போய், சிரட்டையிலிருந்து வாளியில் ஊற்றி, சுமந்துகொண்டுபோய் ஷீட் அடிக்கிற இடத்தில் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே பள்ளிக்கு ஓடுவோம். போய்ச் சேரும்போது பெல் அடித்து, பிரேயர் முடிந்து, வகுப்பு தொடங்கியிருக்கும். பிந்தி வந்தவன் முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்கவேண்டும், அது சட்டம். பால்வெட்டு வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நிற்போம். உடம்பெல்லாம் பால் உறையவைக்கிற ஆசிட் நாற்றம். உள்ளே இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள். "பால் சொசைட்டி வந்தாச்சு" என்பார் ஒரு சார். வகுப்பே சிரிக்கும். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம், அதை நினைத்தால்தான் இப்போதும் எரிகிறது. ஒரு நாள் நின்று அலுத்துப்போய், வாசலில் செங்கல் இறக்கிவிட்டுக் கிளம்பிய டெம்போவில் தொற்றி ஏறினேன். "எலே, உனக்கு பள்ளிக்கூடம் இல்லியா?" என்றார் டிரைவர். "உள்ள கேற்றினாத்தான பள்ளிக்கூடம்" என்றேன். கிளீனராக வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தது உன் பி.டி.ஏ. கூட்டத்துக்குத்தான்.

அந்த முதல் பீரியட் என்ன பாடம் தெரியுமா? கணக்கு. காலையில்தான் பிள்ளைகளுக்குத் தலை தெளிவாக இருக்குமாம், அதனால் எப்போதும் கணக்குத்தான் முதலில். ஆக, எங்களில் ஒருவனும் வெயில்காலத்தில் ஒரு கணக்கு வகுப்பைக்கூட உள்ளே உட்கார்ந்து கேட்டதில்லை. பரீட்சையில் மொத்தமாகத் தோற்போம். இதிலிருந்து ஊர் என்ன முடிவுக்கு வந்தது? பால்வெட்டுக்காரன் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது என்று. சார்மார் சொன்னார்கள், முதலாளி சொன்னார், பிறகு நாங்களே சொல்லத் தொடங்கினோம். உன் மாமன் அதை ஏதோ குடும்பப் பெருமை போலச் சொல்வான்: "நம்ம ஆளுவளுக்கு கணக்கு தலையில கேறாது மச்சான். நமக்கு கையாக்கும் படிப்பு." நானும் அதையே உன்னிடம் சொன்னேன். நீ ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, சிவப்பு மையில் குளித்த ஒரு கணக்குத்தாளோடு வந்து வாசலில் பயந்து நின்றாய். நான் தோளில் தட்டி, "சாரமில்ல மக்கா, நமக்கு அது வராது" என்றேன். அடித்திருந்தால்கூட மறந்திருப்பாய். பிரியமாகச் சொன்னதால் அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. இருபது வயதில் எனக்கே திருப்பிச் சொல்கிறாய். அதை உனக்குள் நட்டவன் நான். பிடுங்கி எறியவும் எனக்குத்தான் உரிமை.

உண்மையைக் கண்டுபிடித்தது உன் அம்மா, அதுவும் கேலியாக. ஆறாம் வகுப்பு ஓணப் பரீட்சையில் கணக்கில் நீ நல்ல மார்க் வாங்கினாய். கிறிஸ்துமஸ் பரீட்சையில் தலைகுப்புற விழுந்தாய். முந்தின வருடமும் அப்படித்தான், அதற்கு முந்தியும் அப்படித்தான். "தொடக்கத்துல சூடு, பிறகு ஆறிப்போவான்" என்று டீச்சர் சொல்லியனுப்பினார். நான் உன்னை முறைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். சோறு விளம்பிக்கொண்டிருந்த அம்மா, "இஞ்ச கேட்டியளா, இவனுக்கு மழ பெய்தாத்தான் கணக்கு வருது. தவளைக்க சாதியாக்கும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "மழையில வெட்டு கெடையாதுல்லா. அப்ப நான் நேரத்துக்குப் போவேன்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். பிறகு மீனைத் தின்றாய்.

நான் சோற்றுக்கையோடு மாதங்களை எண்ணிப் பார்த்தேன். ஜூனில் பள்ளி திறந்தால் ஓணம் வரைக்கும் மழை. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டில்லாத காலையில் நீ பெல்லுக்கு முன்னால் பெஞ்சில் இருந்தாய், கணக்கு வந்தது. மழை விட்டதும் வாளியைத் தூக்கினாய், வராந்தாவில் நின்றாய், கணக்கு போய்விட்டது. இதில் தலை எங்கே வந்தது? சாதி எங்கே வந்தது? என் அப்பா, நான், உன் மாமன், அந்த வராந்தாவில் நின்ற அத்தனை பேரும் முட்டாள்கள் என்று ஆனது ஒரே ஒரு பீரியட் இருந்த இடத்தால். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. தீரவும் கூடாது.

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து நின்றேன். "டீச்சரே, கணக்க முதல் பீரியடுல இருந்து மாற்றணும்." ஹெட்மிஸ்ட்ரஸ் நெய்யாற்றின்கரைக்காரி, மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். "அதொக்கெ பற்றில்ல கேட்டோ, முடியாது. காலையிலதான் பிள்ளைகளுக்கு புத்தி தெளிவு" என்றார். "எங்க பிள்ளைகளுக்கு காலையில புத்தி ரப்பர் காட்டுலயாக்கும் கெடக்கு. அத எடுத்துட்டு வாறதுக்கு கொஞ்சம் நேரம் தாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அப்பா மட்டும் சிரிக்காமல், "பிள்ளைகள வேலைக்கு விடாம இருந்தா போதும்லா? தப்பு உங்க பக்கமாக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. "சார், வேலை என் ஒருத்தனுக்க பேருல. கூலியும் ஒருத்தனுக்கு. ஆனா வெட்டின பால ஒருத்தன் எடுத்துத் தீருமுன்ன பாதி உறைஞ்சு போவும். உறைஞ்சா முதலாளி அடுத்த ஆள வைப்பாரு. ஒரு கூலிக்கு ஒரு வீடே சோலி செய்யணும்ண்ணு யாரு வச்ச சட்டம்? அதையும் மாற்றத்தான் செய்யணும். அது நம்ம கையில இல்ல. இந்த டைம்டேபிள் டீச்சருக்க கையில உண்டு" என்றேன். டீச்சர் விடவில்லை. "சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு வச்சா பிள்ளைகள் உறங்கும்." "உறங்கட்டும் டீச்சரே. கிளாசுக்குள்ள கெடந்துல்லா உறங்கும்."

கூட்டம் முடிந்தது, ஒன்றும் மாறவில்லை. சாயங்காலம் பால்வெட்டு வீடுகளுக்கெல்லாம் போனேன். "நாளைக்கு யாரும் குளிக்கப்பிடாது. சட்டை மாற்றப்பிடாது. வாளியோட வாங்க" என்றேன். மறுநாள் பால் கொடுத்த கையோடு, பிள்ளைகளுக்குப் பின்னால் நாங்களும் போய் வராந்தாவில் வரிசையாக நின்றோம். உன் அம்மாவும் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள். உன் மாமன் வரவில்லை, அவனுக்கு வயிற்றுவலி. நீ வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் நாற்றம் நாலு வகுப்புக்கும் போயிற்று. ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடி வந்து, "நிங்ஙள் எந்தா இவிடெ?" என்றார். "பிந்தி வந்தாச்சு டீச்சரே. சட்டப்படி நிக்கிறோம்" என்றேன். போகச் சொன்னார், போகவில்லை. நாங்கள் கத்தவும் இல்லை. முதல் பீரியட் முடிந்ததும் பிள்ளைகள் உள்ளே போனார்கள், நாங்கள் வீட்டுக்குப் போனோம். மறுநாளும் வந்தோம். அந்த வாரம் முழுக்க வந்தோம். உள்ளே ஒரு பிள்ளையும் கரும்பலகையைப் பார்க்கவில்லை, எல்லாம் எங்களையே பார்த்தன. வெள்ளிக்கிழமை டீச்சர் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "தாங்க முடியல்ல. திங்கள் முதல் கணக்கு உச்சைக்கு. ஒந்நு போயி குளிச்சூடே?" என்றார். உச்சை என்றால் மதியம். குளித்தோம்.

அடுத்த வருடக் கிறிஸ்துமஸ் பரீட்சையில் நீ கணக்கில் ஜெயித்தாய். வெளியே வெயில் சுட்டெரித்தது, ஒரு சொட்டு மழை இல்லை. அம்மா மார்க்கைக் கேட்டுவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கேலி விடாது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், தமிழ் டீச்சர் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்: பீரியட் மாறியதால் எங்கள் ஏழ்மை அன்றைக்கே ஓடிவிடவில்லை. கூரை ஒழுகியது ஒழுகியதுதான். வராந்தாவில் நின்ற வேறு சில பிள்ளைகள் பிறகும் பள்ளியை விட்டார்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் போதும், ஏழைப் பிள்ளை படித்துவிடும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூடம் எனக்கும் பக்கத்தில்தான் இருந்தது. அதன் வராந்தாவில்தான் நான் நின்றேன்.

பிறகு படிப்பால் என்ன பிரயோசனம்? ரப்பர் விலை விழுந்த வருடத்தை யோசித்துப் பார். வெட்டுக்கூலிகூடக் கட்டாது என்று முதலாளி மரத்தைச் சும்மா விட்டார். நான் நெய்யாற்றின்கரை கடைவீதி முழுக்க வேலை கேட்டு நடந்தேன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "என்ன தெரியும்?" பால் வெட்டத் தெரியும் என்றேன். சிமெண்ட் கடையில் மரம் இல்லையே. கடைசியில் மூட்டை சுமந்தேன். அம்மா முந்திரி உடைக்க அண்டியாபீசுக்குப் போனாள், எண்ணெய் பட்டு விரலெல்லாம் தோலுரிந்து வந்தாள். அந்த மழைக்காலத்தில் எனக்கு ஏழ்மை என்றால் என்ன என்று தெரிந்தது. காசு இல்லாதது அதில் பாதிதான். ஒரே ஒரு கதவு உள்ள வீட்டில் இருப்பது மறுபாதி. அந்தக் கதவை ஒருத்தன் வெளியே பூட்டிவிட்டுப் போனால் நீ உள்ளேயே கிடக்கவேண்டும். உனக்கு எலக்ட்ரிக்கல் டிப்ளமா கிடைத்தால் நீ பணக்காரன் ஆகிவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு முதலாளி, "இவ்வளவுதான் தருவேன், இஷ்டம் உண்டானா நில்லு" என்றால், "இஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கி நடக்க உனக்கு முடியும். எனக்கு ஒரு தடவைகூட முடிந்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்குத்தான் உன்னை அனுப்பினேன்.

முந்தாநாள் முதலாளி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உனக்க பயலுக்க வெட்டு கொள்ளாம் கேட்டியா. மரத்துக்கு காயம் படாது. அவன விளி" என்றார். உன் மாமனும் கூடவே, "ஆம்பளப் பய ஒருத்தன் இருக்கச்சில என்னத்துக்கு வெப்ராளமும் கவலையும்? மரத்த அவன்கிட்ட குடு. கையில காசு கண்டா கல்யாணமும் நடக்கும்" என்றான். உன் வெட்டு நல்ல வெட்டு என்பது எனக்குத் தெரியாதா? நான் சொல்லிக் கொடுத்ததுதானே. அந்தப் புகழ்ச்சிதான் எனக்குப் பயம். கிளீனர் வேலையை விட்டு நான் வெட்டுக்குத் திரும்பிய காலத்தில் என் கையையும் ஒரு முதலாளி இப்படித்தான் புகழ்ந்தார். அந்தப் புகழிலேயே என் இளமை முழுக்க இந்த மரங்களுக்குள் போயிற்று. "அவன் வரமாட்டான்" என்றேன். "பால் வீணாப்போனா நான் வேற ஆள பாப்பேன்" என்றார் முதலாளி. "பாருங்க" என்றேன். பயமே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இந்த வேலையும் போனால் திரும்பவும் மூட்டைதான். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

இனி நடக்கப்போவதைக் கேள். அம்மாவின் கட்டு அவிழ்க்கிற வரைக்கும் நான் பாதி மரம்தான் வெட்டுவேன், ஒருத்தனால் எடுக்கக் கூடியது அவ்வளவுதான். முதலாளி கத்தட்டும். எனக்கு எட்டாத பால் சிரட்டையில் உறைந்து ஒட்டுப்பாலாகக் கிடக்கட்டும், அதற்குப் பாதி விலைகூடக் கிடைக்காது, சாரமில்லை. கொஞ்ச நாள் மீன் இல்லாமல் சோறு தின்போம். நீ ஹாஸ்டலில் மீன் தின்றுகொள். பள்ளிக்கூடத்திலும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. போன வருடம் புது ஹெட்மாஸ்டர் வந்தார், பழைய கதை அவருக்குத் தெரியாது, காலையில்தான் புத்தி தெளிவு என்று கணக்கைத் திரும்ப முதல் பீரியடில் வைத்துவிட்டார். உன் தங்கச்சி ஏழாம் வகுப்பு. அம்மா விழுந்ததிலிருந்து யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டே வாளியோடு வந்துவிடுகிறாள், "நான் ஓடிப் போயிருவேன் அப்பா" என்று. ஓடித்தான் போகிறாள். வராந்தாவுக்கு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் அம்மாவிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மே, நமக்கு கணக்கு வராதா?" அம்மா ஒடிந்த கையோடு எழுந்து உட்கார்ந்து, "யாருட்டீ சொன்னா? அவன் நாக்க அறுப்பேன்" என்றாள். அறுக்க வேண்டிய நாக்கு ஒன்று திருவனந்தபுரத்தில் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருக்கிறது. இனி ஒரு தடவை அந்தப் பேச்சு உன் வாயிலிருந்து வந்தால் நான் பஸ் ஏறி வருவேன், குளிக்காமல் வருவேன், உன் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிற்பேன். செய்யமாட்டேன் என்று நினைக்கிறாயா? தூணுக்குப் பின்னால் ஒளிந்தவன் நீ, உனக்குத் தெரியும்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த நீல யூனிஃபார்ம் கீழ்வரிசை மரங்களுக்குள் தெரிகிறது. கையில் வாளி.

"மோளே, வாளிய கீழ வை."

"இந்த ஒரு வரிச மட்டும் எடுத்துட்டு வாறேன் அப்பா."

"வையிண்ணு சொன்னேன்."

"பால் உறைஞ்சு போவும்லா."

"உறையட்டும். பைய எங்க? போயி எடு. எனக்க சைக்கிள்ல கேறு."

பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நம்பவில்லை. பால் நிறைந்த சிரட்டைகளை விட்டுவிட்டு அவள் அப்பன் எழுந்து போவதை அவள் கண்டதில்லை, நீயும் கண்டதில்லை. முதல் பெல்லுக்கு முன்னால் அவள் உள்ளே இருக்கவேண்டும், அப்படியே ஹெட்மாஸ்டரையும் ஒரு கண் பார்க்கவேண்டும். நான் குளிக்கவும் இல்லை, நல்லதாகப் போயிற்று. நீ அந்தப் பேப்பரை எழுது. இன்னும் சொல்ல உண்டு, நேரம் இல்லை, அவள் வண்டியில் ஏறிவிட்டாள், நான் போகணும்.